கம்பளிக்குள் கல்லான தண்ணீர்

வெகு காலத்துக்கு முன்னால் மணல்மேடு என்கிற நாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். தட்டையான வெயில் பூமி அது. தை மாதத்திலும் நண்பகலில் வியர்க்கும். ராஜா நல்லவன்தான். ஆனால் நினைத்தால் மாலை போடுவான், நினைத்தால் சிறையில் போடுவான். இரண்டுக்கும் நடுவே மூச்சுவிட நேரம் இருக்காது.

ஒரு தை மாதம் மேற்கு உச்சிமலையிலிருந்து கொம்பையனும் அவன் மனைவி சடையாயியும் கம்பளி விற்க வந்தார்கள். ராஜா கொம்பையனைச் சபைக்கு அழைத்து மலைக்கதை கேட்டான். கேட்கக் கேட்கத் தொடையைத் தட்டிச் சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டான். அவைப் பண்டிதர் விருத்தகிரிக்கு வயிறு எரிந்தது. பதினாறு வருஷமாகப் பாடுகிறார், ஒரு முத்துகூட அவர் பக்கம் உருண்டதில்லை.

"எங்க மலையில இப்போ விடியக்காலம் குட்டைத் தண்ணி கல்லாயிடும் ராசா. மேலே ஏறியே நடக்கலாம்" என்றான் கொம்பையன்.

பண்டிதர் துள்ளி எழுந்தார். "பிரபு! தண்ணீராவது, கல்லாவதாவது! உங்களை விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்துவிட்டான்!"

ராஜாவின் முகம் மாறியது. மாலை கழுத்திலிருந்து போனது, விலங்கு கையில் ஏறியது.

வாசலில் நின்றிருந்த சடையாயி உள்ளே ஓடிவந்தாள். "அவரு பொய் சொல்லல ராசா. நான் கொண்டாந்து காட்டுறேன்."

"பதினைந்து நாள். கல்லான தண்ணீர் இந்தச் சபைக்கு வரவேண்டும். வராவிட்டால் பொய் சொன்ன நாக்கை அறுப்பேன்" என்றான் ராஜா.

அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. மிச்சக் கம்பளிகளைக் கழுதைமேல் போட்டுக்கொண்டு அப்பொழுதே கிளம்பினாள்.

மூன்று நாளில் உச்சியை அடைந்தாள். குட்டையில் உறைந்திருந்த பாளத்தை உடைத்துப் பானையில் நிரப்பிக்கொண்டு இறங்கினாள். ஒருநாள் இறங்குவதற்குள் பானையில் வெறும் தண்ணீர்தான் தளும்பியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கழுதையின் பாரத்தை இறக்கும்போது கம்பளி மூட்டைக்குள் ஏதோ ஜில்லென்று விரலைச் சுட்டது. உடைக்கும்போது தெறித்து விழுந்த ஒரு சில்லு, கரையாமல் அப்படியே இருந்தது!

'கம்பளிக்குள்ள இருந்ததாலதானே நீ பிழைச்சே?' என்று அதனிடமே கேட்டாள். பானையைக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் மலையேறினாள்.

நெருக்கி அடுக்கத் தோதாக ஒரே அளவுப் பாளங்கள் வேண்டும் என்று அகன்ற மண்தொட்டிகளில் தண்ணீர் ஊற்றி வெட்டவெளியில் வைத்தாள். முதல் நாள் மேகம் மூடிக் குளிர் குறைந்தது. தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. "உறையாம நான் இறங்க மாட்டேன்" என்று காத்திருந்தாள். மறுநாள் வானம் தெளிந்தது, குளிர் எலும்பைத் துளைத்தது, விடிந்தபோது தொட்டியெல்லாம் பாளம். பாளங்களை நெருக்கி அடுக்கி, மரப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் உமியைத் திணித்து, மேலே ஏழு கம்பளி சுற்றினாள்.

பதினான்காம் நாள் நண்பகலில் பெட்டி சபையில் திறந்தது. பாதி கரைந்திருந்தது. மீதிப் பாதி ஆட்டுக்குட்டி அளவுக்குப் பளபளவென்று கிடந்தது. ராஜா தொட்டுப் பார்த்துக் கையை உதறினான்.

"பளிங்குக்கல்!" என்று கத்தினார் பண்டிதர்.

"அப்போ சும்மா வைங்க, பளிங்கு உருகுதான்னு பார்க்கலாம்" என்றாள் சடையாயி. தாம்பாளத்தில் வைத்த துண்டைச் சுற்றித் தண்ணீர் கோத்தது. ராஜா ஒரு வாய் குடித்துப் பார்த்தான். தண்ணீரேதான்.

பண்டிதர் விடவில்லை. "பிரபு, கம்பளி போர்த்தினால் சூடு. விசிறினால் குளிர்ச்சி. கம்பளியில் சுற்றியா இதைக் கொண்டுவந்தாள்? இதில் ஏதோ மாயம் இருக்கிறது!"

"பாளத்தை ரெண்டாப் பிளந்து ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவோம்" என்றாள் அவள். "சாமி விசிறட்டும். நான் கம்பளி சுத்துறேன். என்னுது முதல்ல கரைஞ்சா, என் புருஷன் நாக்கோட என் நாக்கையும் எடுத்துக்குங்க ராசா."

பண்டிதர் மயில்விசிறியை எடுத்தார். விசிறினார், விசிறினார், அங்கவஸ்திரம் நனைய விசிறினார். வேகம் கூடக் கூட அவர் பாளம் சிறுத்தது. கடைசியில் தாம்பாளத்தில் தண்ணீர்தான் மிச்சம். சடையாயி கம்பளியைப் பிரித்தாள். உள்ளே பாளம் முனை மழுங்காமல் இருந்தது.

"எப்படி அம்மா?" என்றான் ராஜா. குரலில் பழைய அதட்டல் இல்லை.

"கம்பளிக்குன்னு தனிச் சூடு கிடையாது ராசா. சூட்டைத் தாண்டவிடாம மறிக்கும், அவ்வளவுதான். நம்மைச் சுத்தினா நம்ம உடம்புச் சூடு வெளியே போகாது. பாளத்தைச் சுத்தினா வெளிச்சூடு உள்ளே வராது. விசிறி உங்க சபையோட வெக்கையை அள்ளி அள்ளிப் பாளத்துமேல கொட்டுச்சு. குளிர் ஒரு அளவைத் தொட்டா தண்ணி உறையும், அதுக்கு மேல சூடு ஏறினா கரையும். அதுக்கு மலையும் ஒண்ணுதான், அரண்மனையும் ஒண்ணுதான்."

ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கினான். தன் கையாலேயே கொம்பையனின் விலங்கைக் கழற்றினான். "நான் பார்க்காததெல்லாம் பொய் என்று நினைத்துவிட்டேன். இனி இந்த நாட்டில், ராஜா பார்த்ததில்லை என்பதற்காக யாருக்கும் தண்டனை கிடையாது" என்று அறிவித்தான். சடையாயியை உச்சிமலைக்குத் தலைவியாக்கி, அந்த மலைப்பாதை முழுவதையும் அவள் பொறுப்பில் விட்டான்.

பிறகு பண்டிதரைப் பார்த்தான். "நீர் அடுத்த தை வரை மலையிலேயே இரும். தண்ணீர் உறைவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து பாடும்."

பண்டிதர் தலைகுனிந்தபடி, மெல்லச் சடையாயி பக்கம் நகர்ந்தார்.

"தாயே... அங்கே ரொம்பக் குளிருமோ?"

"நான் சொன்னா நம்புவீங்களா சாமி?" என்றாள் சடையாயி. கழுதையின் கயிற்றைப் பண்டிதர் கையில் கொடுத்துவிட்டு, புருஷனோடு முன்னால் நடந்தாள்.