நாச்சாயி போட்ட கரிமூட்டம்

மலைக்கு மேல மலை, அதுக்கும் மேல ஒரு மலை, அந்த மலையில கூதக்காடுன்னு ஒரு ஊரு. அங்க நாச்சாயின்னு ஒருத்தி இருந்தா. அவளும் அவ புருசன் சடையனும் கரிமூட்டம் போட்டு, வெறகக் கரியாக்கி வித்துப் பொழச்சவங்க. மூஞ்சியெல்லாம் கரியப் பூசிக்கிட்டு, ஒருத்தர ஒருத்தரு பாத்துச் சிரிச்சுக்கிட்டே வேல செய்வாங்களாம். அந்தச் சடையன் போய்ச் சேந்துட்டான். ஆனாலும் ஐப்பசி பொறந்துட்டா, அவன் இருந்தப்பச் செஞ்ச மாதிரியே பரண்ல ஒரு மூட்ட கரி, ஒரு கூட வறட்டி, அடுப்பு மூலையில உமிச்சட்டிக்குள்ள கொஞ்சம் தணலுன்னு பத்திரமா வெச்சுக்குவா. எதுக்குங்கிறீங்களா? தை மாசம் அந்த மலையில பனி உப்பக் கொட்டுன மாதிரிக் கெடக்கும். அப்ப அடுப்பு அணைஞ்சா ஆளே வெறச்சுப் போயிரும். தீப்பெட்டியெல்லாம் ஏது அந்தக் காலத்துல? சிக்கிமுக்கிக் கல்லத் தட்டுனாலும் தை மாச ஈரத்துல பத்தாது.

அந்த ஊரு நாட்டாமை காரியப்பன் வீட்டுல பெரிய அடுப்பு ஒண்ணு எப்பவும் எரியும். யாரு வீட்டுல நெருப்பு அணைஞ்சாலும் அங்கதான் போயி நிக்கணும். ஒரு தணலுக்கு ஒரு நாள் வேல செய்யணும், அதான் அவரு வெச்ச சட்டம். நாச்சாயி மட்டும் போகவே மாட்டா. அவருக்குப் பொறுக்குமா?

மொத வாட்டி வந்து சிரிச்சாரு. "என் அடுப்பு இருக்கையில ஒனக்கெதுக்கு தனியாக் கரி?"

"ஒங்க அடுப்பும் ஒரு நாள் அணையலாமுல்லங்கய்யா?"ன்னா இவ.

ரெண்டாவது வாட்டி வந்து திட்டுனாரு. மூணாவது வாட்டி அவ சந்தைக்குப் போன நேரமாப் பாத்து வந்து, கரியையும் வறட்டியையும் தூக்கிக்கிட்டு, உமிச்சட்டியில தண்ணிய ஊத்திட்டுப் போயிட்டாரு.

திரும்பி வந்து பாத்தா நாச்சாயி. அப்படியே ஒக்காந்து அழுதா. அழுது முடிச்சு எந்திரிச்சா. நேரா காட்டுக்குப் போயி, வெறக அடுக்கி, தழையப் போட்டு, மண்ணு பூசி, சிக்கிமுக்கிக் கல்லத் தட்டித் தட்டித் தீ வெச்சு, மூணு நாளு பக்கத்துலயே கெடந்தா. அந்தப் பொக வாசத்துல சடையன் கூடவே குந்தியிருக்கிற மாதிரி இருந்துச்சாம். "இன்னும் கொஞ்சம் மண்ணு பூசட்டுமா?"ன்னு அவன்கிட்டயே கேட்டுக்கிட்டாளாம்.

இந்த வாட்டி கரிய அவ பரண்ல ஏத்தல. வீட்டுக்கு வீடு ஒரு மூட்ட கரி, ஒரு சட்டித் தணலுன்னு குடுத்துட்டா. "என் ஒரு பரண்ல இருந்தா ஒருத்தரு தூக்கிரலாம். ஊரு பரண்லயெல்லாம் இருந்தா எப்படித் தூக்குவாரு? ஆனா கரியப் பத்த வெச்சா கதவக் கொஞ்சம் தொறந்து வைங்க புள்ளைகளா, பொக மூச்ச அடச்சுரும்"னா.

தையும் வந்துச்சு. காலந்தப்பி ஏழு நாளு காத்து, மழ. ஏழாம் நாளு நாட்டாமை வீட்டுக் கூர பறந்து, அடுப்பு கொளமாயிருச்சு. அன்னைக்குன்னு பாத்து அவரு மருமகளுக்குப் புள்ள பொறந்திருச்சு. நனஞ்ச துண்டோட ஓடியாந்தாரு.

"தாயி, பேரப் புள்ள நீலம் பாயுது தாயி!"

நாச்சாயி சடக்குன்னு எந்திரிச்சா. கணப்புச் சட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுனா, பின்னாலயே ஊரும் ஓடுச்சு. நனையாத ஒரு மூலையில தணலப் போட்டுச் சூடேத்தினா. கொஞ்ச நேரத்துல புள்ள வீல்னு கத்துச்சு பாருங்க, எல்லாருக்கும் உசுரு வந்துச்சு.

அப்பத்தான் அந்த மூலையில கெடந்த வெறுஞ்சாக்கப் பாத்தா. சடையன் கையால தச்ச சாக்கு, அவ பரண்லருந்து கரியோட போன அதே சாக்கு. கூட நின்னவங்களும் பாத்துட்டாங்க. நாட்டாமை தலையத் தொங்கப் போட்டாரு.

"ஒரு தணலுக்கு ஒரு நாள் வேலன்னு நீங்கதான சொன்னீங்க? எங்க அத்தன பேர்கிட்டயும் வேல வாங்குனீங்க, எத்தன வருசமா! இப்ப ஒங்க மொற"ன்னுச்சு ஊரு. அன்னையிலருந்து பங்குனி முடியிற வரைக்கும், வீட்டுக்கு வீடு நின்னு வெறகு பொளந்தாரு நாட்டாமை. நாச்சாயி அந்தச் சாக்க மட்டும் ஒதறி மடிச்சு, இடுப்புல சொருகிக்கிட்டு வந்துட்டா.

அடுத்தவன் அடுப்புல தண்ணி ஊத்துனவன் குளுருல நடுங்குனான், ஊருக்கே தணல் குடுத்தவ நல்லா இருந்தா. கத அம்புட்டுத்தான், போர்வையக் கால்வரைக்கும் இழுத்துப் போத்திக்கங்க.