ஸ்டோர் ரூம் சுவரில் மைதானம்

"பிள்ளை வாயே திறக்க மாட்டேங்குதும்மா! நாளைக்குக் கண்காட்சி. என் மானம் போகப்போகுது."

அறிவியல் வாத்தியார் புருஷோத்தமன் ஆய்வக ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் குணவதி சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். வாத்தியாரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் எது என்றாலும் வாத்தியார் ஓடி வருவது அவரிடம்தான்.

பதினாறு வருஷமாக மாவட்ட அறிவியல் கண்காட்சியில் இந்தப் பள்ளிக்கு ஆறுதல் பரிசுதான். இந்தத் தடவை விடுவதில்லை என்று ஒன்பதாம் வகுப்பு சலோமிக்கு ஊசித்துளைக் கேமரா கொடுத்திருந்தார் சார். அட்டைப் பெட்டி, அதற்கு வெல்வெட் காகிதம், ஜிகினா எழுத்து, மூன்று பக்கப் பேச்சு, எல்லாம் அவர் கைவண்ணமேதான். அந்தப் பெண்ணோ, 'மதிப்பிற்குரிய நடுவர் பெருமக்களே'க்கு அப்புறம் திருதிருவென்று முழிக்கிறாள்.

"நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

"பெட்டிக்குள்ள என்ன தெரியும் சார்?"

"தலைகீழ் பிம்பம்."

"அவ பார்த்தாளா?"

"போர்டுல வரைஞ்சு காட்டியிருக்கேன். மெழுகுவர்த்தி, அம்புக்குறி எல்லாம் போட்டு."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

சாருக்குச் சுருக்கென்றது. "பதினாறு வருஷமா நடத்தறேன்மா!"

குணவதி கையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து ஸ்டோர் ரூமைத் திறந்தார். "உள்ள போங்க."

போனார். கதவு சாத்திக்கொண்டது.

கும்மிருட்டு. பினாயில் நெடி வேறு.

"என்ன விளையாட்டும்மா இது?"

"சுவரைப் பாருங்க சார்."

மைதானத்துப் பக்கம் ஒரு மரச் சன்னல், மூடியே கிடந்தது. அதில் திருகாணி கழன்று விழுந்த ஒரு துளை. வெளியே நல்ல உச்சிவெயில். அவர் சன்னலுக்கு முதுகைக் காட்டி, எதிர்ச் சுவரை முறைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் கண் பழகியது.

அம்மாடியோவ்!

சுவர் முழுக்க மைதானம்! தரை மேலே, வானம் கீழே. கோ-கோ ஆடும் பிள்ளைகள் தலைகீழாக ஓடுகிறார்கள், பிடிக்கிறார்கள், விழுகிறார்கள், துளிச் சத்தம் இல்லை. கொடிக்கம்பம் தொங்குகிறது. ஒரு வெள்ளை மேகம் அவர் செருப்பை ஒட்டி மெதுவாக நகர்ந்து போனது. அத்தனைக்கும் நிறம் இருந்தது. புத்தகத்து மெழுகுவர்த்திக்கு நிறமே கிடையாது.

கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு சைக்கிள் போனது.

"இத்தனை நாளா இது இங்கேயேவா இருந்துச்சு?"

"நான் பெருக்க வர்றப்பெல்லாம் பார்ப்பேன் சார்" என்றது வெளியிலிருந்து குரல்.

மனுஷருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த பீரியட் மணி அடித்தது. அவர் அசையவில்லை.

வெளியே வந்ததும் விறுவிறுவென்று வகுப்புக்குப் போனார். சலோமியைக் கூட்டிவந்தார். அவள் கையிலிருந்த மூன்று தாளையும் வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, "உள்ள போய்ச் சுவரைப் பாரு" என்று கதவைச் சாத்தினார்.

சார் கதவில் காதை வைத்தார்.

உள்ளிருந்து ஒரு கத்தல்.

"ஐயையோ! சார்! சார்! எல்லாரும் தலைகீழா ஓடறாங்க! வசந்தி மிஸ் குடை பிடிச்சுட்டு வர்றாங்க சார், குடை கீழ, கால் மேல! புடவை பச்சை சார், அப்படியே பச்சை! காத்துல மரம் ஆடுது, அதுவும் தெரியுது!"

மூச்சு விடாமல் பேசினாள். வாயே திறக்காத பெண்!

வாத்தியார் பரபரவென்று பேனாவை எடுத்து, பையிலிருந்த தாளின் பின்பக்கம் அவள் சொல்வதை எழுத ஆரம்பித்தார்.

குணவதி பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

உள்ளே பேச்சு நின்றது.

"ஏன் சார் தலைகீழா இருக்கு?"

சார் தொண்டையைக் கனைத்தார்.

"சொல்லிடாதீங்க சார்!" உள்ளிருந்து கத்தினாள் சலோமி. "இருங்க, சொல்லிடாதீங்க!"