வராத தாளுக்கு நாலு காப்பி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீப்பெட்டிக் கம்பெனி மேனேஜர் ஆவுடையப்பனுக்குத் தெரியாததே கிடையாது. அப்படி அவரேதான் சொல்வார்.

ஆபீசுக்கு ஒரே பிரிண்டர், அதுவும் அவர் அறையில். ஒரு தாள் வேண்டுமென்றாலும் பென் டிரைவோடு அவர் வாசலில் நிற்க வேண்டும். டைப்பிஸ்ட் மாரிக்கனிக்கு அலுத்துவிட்டது.

"சும்மா கிடக்கிற பழைய கம்ப்யூட்டர்ல விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் போட்டு, பிரிண்டரை அதுல மாட்டிட்டா, எல்லாரும் அவங்கவங்க சீட்டுல இருந்தே அச்சடிக்கலாம் சார்."

"விண்டோஸ் இல்லாம பிரிண்டர் ஓடுமா? என்கிட்டயேவா? நாளை மதியத்துக்குள்ள ஓட்டிக் காட்டு. இல்லைன்னா கிடங்குல போய் பண்டல் கட்டு."

மறுநாள் மதியம் பிரிண்டர் ஹாலுக்கு வந்திருந்தது. மேனேஜருடையது உட்பட எல்லாக் கம்ப்யூட்டரையும் அதோடு இணைத்துவிட்டாள்.

மேனேஜர் தன் அறையில் ஒரு உத்தரவு டைப் அடித்தார். 'ஒரு தாள்கூட அச்சாகவில்லை. ஆகவே மாரிக்கனி கிடங்குக்கு மாற்றப்படுகிறார்.' அதையே அச்சுக்கு அனுப்பிவிட்டு, பழக்கதோஷத்தில், நேற்றுவரை பிரிண்டர் இருந்த காலி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். மொத்தம் நாலு தடவை.

கதவைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். "வரலை பார்த்தியா! நான் அப்பவே சொன்னேன்!"

ஹாலில் ஆளுக்கொரு தாளை வைத்துப் படித்துக்கொண்டிருந்தோம். மாரிக்கனி எல்லாவற்றையும் வாங்கி அவரிடம் நீட்டினாள்.

"வரலைன்னு நாலு காப்பி வந்திருக்கு சார். எதுல கையெழுத்துப் போடுறீங்க?"

ஒன்றிலும் போடவில்லை. நாங்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போனோம்.