நீக்கிக்கு யார் பதில் சொன்னது

அந்தக் காலத்தில் கணினிக் கட்டளைகளுக்கு வாயும் இருந்தது, காதும் இருந்தது. ஆனால் காது ஒன்றே ஒன்றுதான். எதைச் சொன்னாலும் அதில்தான் சொல்லியாக வேண்டும்.

கடலோர ஊரொன்றின் மீன்பிடி நிலையத்தில் கணினியும் வயர்லெஸ்ஸும் பிரகாசியின் பொறுப்பில் இருந்தன. கடலில் இருக்கும் படகுகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டது நீக்கி என்ற கட்டளை. பிரகாசி ஒரு படகின் பெயரைச் சொல்வாள். "கரை சேர்ந்ததா? நீக்கவா?" என்று அது கேட்கும். பதிலின் முதல் எழுத்து 'ஆ' என்றால் ஆம், 'இ' என்றால் இல்லை. அதற்குமேல் அது காது கொடுப்பதில்லை.

ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கே வானம் இருண்டு, காற்று சுழன்றடித்தது. வளர்மதி, ஆரோக்கியம், கடல்ராணி, இருதயம் என்று நான்கு படகுகள் பட்டியலில் இருந்தன. வளர்மதியில் பிரகாசியின் அண்ணன் சவேரியும் இன்னும் மூன்று பேரும் போயிருந்தார்கள்.

"வராத படகு எதெதுன்னு சீக்கிரம் குடு பிள்ளே, தேடப் போகணும்!" என்று வாசலில் நின்று அவசரப்படுத்தினார் படகுக்காரர் பர்னாந்து.

ஒவ்வொரு பெயராகச் சொல்லப் பிரகாசிக்குப் பொறுமை இல்லை. பட்டியலிலிருந்து ஒரு குழாயை எடுத்து நீக்கியின் காதில் மாட்டினாள். பெயர்கள் தாமாக ஓடட்டும், கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று வயர்லெஸ் பக்கம் திரும்பி அண்ணனை அழைத்தாள். இரைச்சல்தான் வந்தது.

முதுகுக்குப் பின்னால் நீக்கி கேட்டது. "வளர்மதி கரை சேர்ந்ததா? நீக்கவா?"

இல்லை என்று சொல்ல அவள் வாய் திறந்தாள்.

"சரி, நீக்கிவிட்டேன்."

பிரகாசி சட்டென்று திரும்பினாள்.

"கடல்ராணி கரை சேர்ந்ததா? நீக்கவா?" உடனே அதுவே சொன்னது: "சரி, விட்டுவைக்கிறேன்."

மிச்சப் பெயர்கள் அச்சாகி வந்த தாளைக் கிழித்துக்கொண்டு பர்னாந்து ஓடினார். "நில்லுங்க மாமா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். அவள் அலைவிளிம்பை எட்டியபோது தேடும் படகுகள் மழைக்குள் மறைந்திருந்தன.

திரும்பி வந்து அவர்களை வயர்லெஸ்ஸில் அழைத்தாள், இரைச்சல்தான் வந்தது. நீக்கியின் முன் போய் நின்றாள். "யார்கிட்ட கேட்டே? நான்தான் ஒண்ணுமே சொல்லலையே!"

"நீங்கள் இல்லை அம்மா. ஆரோக்கியம் 'ஆ' என்றார். பிறகு இருதயம் 'இ' என்றார்."

"அதெல்லாம் படகுடா! கடல்ல கிடக்குற படகு!"

"குழாயில் அடுத்து வந்த குரல் அதுதான். உங்கள் குரல் எனக்குக் கேட்கவே இல்லை."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. காதைக் குழாய் அடைத்திருந்தது. அலறியிருந்தாலும் அதற்கு எட்டியிருக்காது.

தாளில் இருந்த மூன்று படகுகளும் இருட்டுவதற்குள் கரை சேர்ந்தன. நான்காவதைத் தேட, காற்று அடங்கிய மறுநாள் காலையில்தான் போக முடிந்தது. நடுக்கடலில் வளர்மதி கரையைப் பார்த்தபடி நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு தட்டுகளில் சோறு போட்டிருந்தது. ஆள் ஒருவரும் இல்லை.

எட்டு நாள் பிரகாசி அந்த அறைக்குள் வரவில்லை. ஒன்பதாம் நாள் வந்து, தன் நாற்காலிக்கு நேராக நீக்கிக்கு இன்னொரு காது வைத்தாள்.

"குழாயில வர்றது பேரு மட்டும்தான். பதில் இந்தக் காதுலதான் வரும். இங்கே நான் உட்கார்ந்திருக்கேனான்னு முதல்ல பாரு. யாரும் இல்லைன்னா கேட்காதே, எதையும் தொடாதே, அப்படியே நின்னுடு."

"நாற்காலியில் ஆள் இல்லாதபோதும் யாராவது பதில் சொன்னால்?" என்று கேட்டது நீக்கி.

பிரகாசி வயர்லெஸ் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுவாங்க," என்றாள். "நீ கேட்டுக்காதே."

அன்று முதல்தான் கட்டளைகள் எதையும் அழிக்கும் முன் தங்கள் காதில் குழாய் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கின்றன. இருந்தால், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் தனிவழியில் கேட்கின்றன. அங்கே ஒருவரும் இல்லையென்றால், வாய் திறக்காமல் நின்றுவிடுகின்றன.