முதல் ஆள் வராத வரிசை

மொட்டைக்குளத்து ஆட்கள் யார் சொன்ன பேச்சையும் தட்டமாட்டார்கள். அந்த ஊரின் தொல்லையே அதுதான்.

கொரோனா ஊர் ஊராகப் பரவியிருந்த சமயம். சொர்ணத்தாயின் அண்ணன் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்து, பாதி ஆளாகத் திரும்பி வந்தார். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போன சொர்ணத்தாய் அங்கேயே தடுப்பூசியும் போட்டுக்கொண்டு வந்தாள். வந்தவள் புருஷன் பலவேசத்தை வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஊசி போடாம இந்த வீட்டுக்குள்ள காலடி வைக்கக் கூடாது."

பெண்டாட்டி பேச்சைப் பலவேசம் மீறியதே இல்லை. கூட்டாளிகள் மாசானத்தையும் மந்திரமூர்த்தியையும் கூப்பிட்டான். ஒருவன் தலைமாட்டில் பிடிக்க, இன்னொருவன் காலைப் பிடிக்க, தரையில் பாதம் படாமல் அவனைத் தூக்கிப்போய்க் கட்டிலில் கிடத்தினார்கள். சொர்ணத்தாய் விளக்குமாற்றை எடுத்தாள். வெளியே வரும்போது யாரும் யாரையும் தூக்க வேண்டியிருக்கவில்லை.

மூவரும் மோட்டார் ரூமில் கூடி யோசித்தார்கள். பலவேசத்துக்கு ஊசி என்றாலே பயம். வீட்டுச் சோறு இல்லையென்றால் அதைவிடப் பயம்.

"கீழூர்ல ஒருத்தன் ஊசி போட்டானாம். மறுநாளே அவன் வீட்டுக் கோழி செத்துப்போச்சாம்" என்றான் மாசானம்.

கோழிக்காக மூவரும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார்கள்.

"கோழிக்கு ஊசி போட்டாங்களா?" என்று கேட்டான் பலவேசம்.

"இல்ல."

"அதான் செத்துருக்கு."

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஊசி போட்டே ஆகவேண்டும். ஆனால் முதல் ஆளாகப் போய் நிற்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. சொர்ணத்தாய் போட்டது ஆஸ்பத்திரியில், அது ஊர்க் கணக்கில் வராது என்றான் மாசானம். வேறு யாராவது போட்டு, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று மூவருமே சொன்னார்கள். கடைசியில் பலவேசம்தான் வழி கண்டுபிடித்தான். இரண்டாவது ஆளிலிருந்து ஆரம்பித்துவிட்டால் போதும்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் முகாம். மேசைக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு மூவரும் வரிசையில் நின்றார்கள். நர்ஸ் ஜெசிந்தா முன்னால் வரச் சொன்னார். முதல் ஆள் இன்னும் வரவில்லை, அவர் வந்து போட்டதும் வருகிறோம் என்றான் பலவேசம். வெயில் ஏறியது. பொறுப்பில்லாத மனுஷன், இத்தனை பேரைக் காக்க வைக்கிறாரே என்று மாசானம் முதல் ஆளைத் திட்டத் தொடங்கினான்.

ஜெசிந்தா பொறுத்துப் பார்த்தார். "அந்த முதல் ஆள் நான்தான். போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

முதல் ஆள் கிடைத்துவிட்ட நிம்மதியில் பலவேசம் போய் அங்கிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எப்போது போடுவீர்கள் என்று கேட்டான். போட்டு முடிந்துவிட்டதாம்.

"அரை மணி நேரம் இங்கேயே உட்காரணும். எந்திரிக்கக் கூடாது" என்றார் ஜெசிந்தா.

பலவேசம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அடுத்து வந்த மாசானம் வேறு வழியில்லாமல் அவன் மடியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டான். அவனுக்கும் அரை மணி நேரம். மூவரிலும் பெருத்த உடம்புக்காரனான மந்திரமூர்த்தி மாசானத்தின் மடியில் உட்கார்ந்தான். அரை மணி முடிவதற்குள் நாற்காலி முடிந்துவிட்டது. எந்திரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், விழுந்த வரிசையிலேயே தரையில் மிச்ச நேரத்தைக் கழித்தார்கள்.

பலவேசம் கையைத் தேய்த்தபடி வீட்டுக்குப் போனான். சொர்ணத்தாய் முகம் மலர்ந்து, கூட வந்தவர்களையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அடுப்படியில் மிளகாய் தாளித்தாள். நெடி ஏறி ஒரு பெரிய தும்மல் போட்டாள்.

மூவரும் துள்ளி எழுந்தார்கள். மருந்து ஏறியிருப்பது இடது கையில் மட்டும்தானே என்றான் மாசானம். மற்ற இடமெல்லாம் வெறும் உடம்பு. மந்திரமூர்த்தியின் கைதான் பருமன், ஆகவே மருந்தும் அதில்தான் அதிகம் என்று முடிவாயிற்று. அவன் இடது கையை முன்னால் நீட்ட, மற்ற இருவரும் அதன் பின்னால் பதுங்கினார்கள்.

சொர்ணத்தாய் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "என்ன செய்யுதீக மூணு பேரும்? ஒளிஞ்சாலும் நல்லாத் தெரியுதே."

"உனக்குத் தெரியும் தாயி," என்றான் மந்திரமூர்த்தி, கையை இறக்காமல். "நோய்க்குத் தெரியாது."