மௌனகுரு சத்தம் நிறுத்த வந்த கதை

பொள்ளாச்சியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்த மௌனகுருசாமிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் வைத்த பெயர் அது. பிறகு மாற்றியிருக்கலாமே என்றால், அவர் நடுவில் இடைவெளி விட்டால்தானே அதைச் சொல்ல முடியும்!

தண்டபாணிக்கு இது தெரியும். தெரிந்தும் அவரைத்தான் கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

ஆனைமலைக்குப் பக்கத்தில் தண்டபாணிக்கு ஒரு தென்னந்தோப்பு. வால்பாறை எஸ்டேட் ஒன்றில் சும்மா கிடந்த பழைய டிரெய்லர் வீடு ஏலத்துக்கு வந்தபோது, போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வண்டி. மேலே அலுமினியத் தகடு, மூலையெல்லாம் உருண்டை, தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய பன் மாதிரி இருக்கும். உள்ளே கட்டில், அலமாரி, கைகழுவும் தொட்டி எல்லாம் உண்டு. டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவர் கணக்கு. வண்டியை உள்ளே கொண்டுவர வழியில்லை என்று, காய்த்துக்கொண்டிருந்த இரண்டு தென்னையை வெட்டினார். அவர் மனைவி கலாமணி அதை இன்னும் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் அவளுக்கு இல்லை.

வண்டியில் எல்லாம் சரியாக இருந்தது, கன்வெர்ட்டரைத் தவிர. வீட்டுக் கரண்டை வாங்கி, வண்டிக்குள் இருக்கிற விளக்குக்கும் காத்தாடிக்கும் தகுந்த மாதிரி பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஸ்விட்ச்சைப் போட்டால் மிளகாய் அரைக்கிற மில் மாதிரி கத்தும். முதலில் வந்து தங்கிய திருப்பூர்க்காரர்கள் விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்கள் காரிலேயே தூங்கினார்கள். இரண்டு எலெக்ட்ரீசியன்கள் வந்து குனிந்து பார்த்து, "இது நமக்குப் பழக்கமில்லாத சாமானுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கலாமணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அடுத்து வர்றவங்களும் ஓடிப்போனாங்கன்னா, என்ற கோழிக அதுலதான் அடையும். சொல்லிட்டேன்."

அடுத்து வருகிறவர்கள் இன்றைக்குச் சாயங்காலம் வருகிறார்கள். சென்னையிலிருந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்.

மௌனகுரு காலையிலேயே வந்துவிட்டார். டூல்ஸ் பையை வண்டியின் படியில் வைத்தார். தண்டபாணி ஸ்விட்ச்சைப் போட்டதும் பெட்டி கத்தியது. மௌனகுரு தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பிறகு நேராகப் போய் தென்னை நிழலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இதெல்லாம் ஒரு சத்தமா தம்பி?" என்றார்.

தண்டபாணி படியில் கிடந்த பையைப் பார்த்தார். பக்கத்துத் தோப்புக்காரர் நாச்சிமுத்து, தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவர், அதை அப்படியே போட்டுவிட்டு வரப்பைத் தாண்டி வந்தார். மௌனகுரு உட்கார்ந்துவிட்டார் என்றால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"மேல எஸ்டேட்டுத் தொரை ஒருத்தர் இதே மாதிரி வண்டி வெச்சிருந்தாருங்க," என்று மௌனகுரு ஆரம்பித்தார். "அதுல இருந்த கன்வெர்ட்டர்தான் கன்வெர்ட்டர். அது கத்துன கத்துல, சுத்துப்பட்டு மாடெல்லாம் நடுங்கி நடுங்கி, மடியிலயே பாலு கடைஞ்சு போச்சு. கறந்தா நேரா மோருதான் வரும்."

"உப்புப் போட்டா, போடாமயா?" என்றார் நாச்சிமுத்து.

"உப்பு நாமதான் போட்டுக்கோணும். இல்லாததச் சொல்லப்படாது பாருங்க."

"வெண்ணெய்?" என்றாள் கலாமணி. கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிரவேயில்லை.

"வெண்ணெய் கன்னுக்குட்டிக்குப் போயிரும் அம்மிணி. அந்தூருக் கன்னுக ஒவ்வொண்ணும் என்ன மினுமினுப்புங்கறீங்க!"

தண்டபாணி மனசுக்குள் கழித்துப் பார்த்தார். மோரைத் தள்ளிவிடலாம். கன்றுக்குட்டியைத் தள்ளிவிடலாம். ஆனால் இதே மாதிரி வண்டியைப் பார்த்திருக்கிறார் என்பதாவது நிஜமாக இருக்க வேண்டும். அவருக்கு அது போதும்.

"அண்ணா, அந்தப் பையப் பிரிச்சீங்கன்னா..." என்று மெல்ல இழுத்தார்.

"பிரிக்கலாம் தம்பி. அந்தத் தொரையும் உங்களாட்டத்தான் அவசரப்பட்டாரு. என்னையக் கூப்புட ஆளு வர்றதுக்குள்ள வண்டியே கிளம்பிருச்சு."

"எப்படிக் கிளம்புச்சு?"

"அதிர்வுதானுங்க. வண்டி அப்ப மலைக்குக் கீழ ஆளியாத்துல நிக்குது, கன்வெர்ட்டர் உள்ள ஆடுது. ஆடி ஆடி, வண்டி இத்தனூண்டு இத்தனூண்டா நகர ஆரம்பிச்சிருச்சு. முன்னால காரு இல்ல, ஒண்ணுமில்ல. தானா மலையேறுது! கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுலயும் ஓரங்கட்டி நின்னு, மேல இருந்து வர்ற பஸ்ஸுக்கு வழி விட்டுட்டுத்தான் ஏறுச்சுன்னா பாருங்க. செக்போஸ்ட்டுக்காரன் சலாம் வெச்சு கேட்டத் தூக்கிவிட்டான்."

"டிரைவரே இல்லாம?" என்றாள் கலாமணி.

"டிரைவர் இருந்தா அசந்து தூங்கிருப்பான் அம்மிணி. அந்தச் சத்தத்துல வண்டி தூங்குமா?"

நாச்சிமுத்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "கரண்டு? ஒயர் நீளம் பத்துச்சா மௌனகுரு?"

மற்றவர்களாக இருந்தால் அந்த இடத்தில் மாட்டியிருப்பார்கள். மௌனகுரு, தண்டபாணி வெட்டிக் கொடுத்திருந்த இளநீரை ஒரு வாய் குடித்தார். "பத்தல. அதுக்குத்தான் அது வழி நெடுக கம்பம் கம்பமா நின்னு நின்னு போச்சு."

தண்டபாணி இப்போது நிழலைப் பார்த்தார். அது தென்னையின் காலடிக்கே வந்துவிட்டது. அவருக்குள் ஒரு பயம் எழுந்தது. இவர் சொல்வதில் ஒன்றுமே நிஜமில்லை என்றால், அந்தப் பெட்டியைத் தொட்ட அனுபவமும் நிஜமில்லைதானே? இவரையும் விட்டால் கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டும். கோழிகள் வேறு இப்போதே வண்டியைச் சுற்றி வந்து படியில் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மேல போயி நின்ன எடத்துல ஆனை வந்துருச்சுங்க," என்றார் மௌனகுரு. "ஒத்தைக் கொம்பன். இந்தச் சத்தத்தக் கேட்டுட்டு, ஏதோ பொம்பள ஆனை கூப்புடுதுன்னு நெனச்சிருச்சு பாவம். தினமும் ஒரு பலாப்பழம் கொண்டாந்து கதவுகிட்ட வெச்சுட்டு, தள்ளி நின்னுக்கும். மரியாதையான ஆனைங்க. தொரை கதவத் தெறந்து வெளிய வந்தா அது திரும்பிக்கும்."

இந்த இடத்தில்தான் தோப்பு வாசலில் கார் ஹாரன் கேட்டது.

சாயங்காலம் வருவதாகச் சொன்ன சென்னைக்காரர்கள் மத்தியானமே வந்து நின்றார்கள். சாந்தகுமார், அவர் மனைவி ஹேமலதா. தண்டபாணி எழுந்த வேகத்தில் வேட்டி கட்டிலில் மாட்டிக் கிழிந்தது. வண்டிப் படியில் பிரிக்காத பை. உள்ளே கத்துகிற பெட்டி. கலாமணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் வெட்டின இரண்டு தென்னையும் குலையோடு நின்றன.

"வாங்க, வாங்க. சின்ன ரிப்பேர் வேலை ஒண்ணு. இதோ ஆச்சு," என்றார் தண்டபாணி.

"பரவால்ல சார்," என்றார் சாந்தகுமார். அவர் காதில் ஏற்கெனவே ஏதோ விழுந்திருந்தது. "யாரோ ஆனைன்னு சொன்னாங்களே, இங்க ஆனை வருமா?"

"உக்காருங்க," என்று கட்டிலில் இடம் விட்டார் மௌனகுரு.

அவர்கள் உட்கார்ந்தே விட்டார்கள். கலாமணி இளநீர் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். புது ஆட்களைக் கண்டதும் மௌனகுருவுக்குக் குரல் ஏறியது. ஆனை தன்னை வண்டிக்குப் பக்கத்திலேயே விடவில்லை என்றார். ஸ்க்ரூ டிரைவரைக் கண்டதும் தும்பிக்கையால் பிடுங்கித் தூர எறிந்ததாம்.

"அப்புறம் எப்படிங்க உள்ள போனீங்க?" என்றாள் ஹேமலதா.

"பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல, வைத்தியம் பாக்க வந்திருக்கேன்னு சொன்னேனுங்க. அப்பறம்தான் வழி விட்டுச்சு. நான் உள்ள வேலை பாக்கற வரைக்கும் வெளிய குட்டி போட்ட பூனையாட்டம் நடந்துக்கிட்டே இருந்துச்சு. ஆனை, பூனையாட்டம்!"

"நின்னுச்சா சத்தம்?"

"நின்னுச்சாவா? பழசத் தூக்கி வீசிட்டு, கிரைண்டர் காயிலும் சைக்கிள் டைனமோவும் வெச்சு நானே ஒண்ணு கட்டி மாட்டுனேன். ஸ்விட்ச்சப் போட்டதும் சத்தம் போச்சு. அதோட போயிருந்தாப் பரவால்லீங்க. சுத்தி இருந்த சத்தமும் சேந்து போச்சு! நாயி வாயத் தொறக்குது, கொரைப்பு வரல. அருவி கொட்டுது, ஊமையாக் கொட்டுது. எஸ்டேட்டுல வேலை முடிஞ்சுதுன்னு சங்கு ஊதுறாங்க, ஒருத்தருக்கும் கேக்கல. கொழுந்து கிள்ளுற பொம்பளைக நிறுத்தாம கிள்ளிக்கிட்டே போயி, கேரளாவுல போயி நின்னுட்டாங்க."

"ஐயையோ!" என்றாள் ஹேமலதா.

"அங்கத்தவங்க நல்லவங்க. கொழுந்துதான் கையில இருந்துச்சே, சாயா போட்டுக் குடுத்து பஸ் ஏத்தி அனுப்புனாங்க."

சாந்தகுமார் சிரித்த சிரிப்பில் இளநீர் மூக்கில் ஏறிவிட்டது. நாச்சிமுத்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கலாமணிகூடத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

சிரிக்காதவர் தண்டபாணி ஒருவர்தான். இனித் தள்ளிவிட ஒன்றும் பாக்கியில்லை. ஊமை அருவி வரைக்கும் போய்விட்ட மனிதரிடம் தன் கன்வெர்ட்டரை ஒப்படைத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது.

"அண்ணா," என்றார். வண்டிப் பக்கம் கையைக் காட்டினார். "என்ற வண்டி."

மௌனகுரு அவர் முகத்தைப் பார்த்தார். இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம், ஸ்பானர் திருகுகிற சத்தம். ஒரு முறை பெட்டி பழையபடி கத்தியது. தண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். அது அடங்கியது. மறுபடி தட்டல். பிறகு ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

கதவு திறந்தது. சட்டையெல்லாம் மண்ணும் தூசுமாக மௌனகுரு படியில் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. காத்தாடி சுற்றியது. காதைக் கொடுத்துக் கேட்டால் மட்டும் ஒரு சின்ன முனகல்.

தண்டபாணி ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தார். பெட்டி இருந்த இடத்திலேயேதான் இருந்தது. தொட்டுப் பார்த்தார். ஆடவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தூசு விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டார்.

வெளியே இருந்த நான்கு பேரும் வந்து மௌனகுருவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஹேமலதாவுக்கு ஆவல் தாங்கவில்லை. "உள்ள என்னங்க இருந்துச்சு?"

மௌனகுரு துண்டால் கையைத் துடைத்தார்.

"பெட்டிக்குள்ள இருக்கற சின்னக் காத்தாடியில குளவி மண்ணுக்கூடு கட்டிருந்துச்சுங்க. ஒரு பக்கம் கனம் ஏறி ஆடிக்கிட்டிருந்துச்சு. கூட்டத் தட்டி எடுத்தேன். டிரான்ஸ்ஃபார்மர் தகட்டப் புடிச்சிருக்கற போல்ட்டு ரெண்டு லூசு, முடுக்குனேன்."

எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் பையை மூடினார்.

"அவ்ளோதானா?" என்றார் சாந்தகுமார்.

"அவ்ளோதானுங்க. கொஞ்சம் முனகும், சுத்தமாப் போகாது. பழைய சாமான். தீபாவளிக்குள்ள புதுசு வாங்கி மாத்திப்போடோணும் தம்பி."

இதைக் கேட்டு அதிகம் ஏமாந்தது யார் என்றால், கலாமணிதான். காலையிலிருந்து ஒரு வார்த்தையையும் நம்பாமல் தவிடு பிசைந்தவள் முந்தானையை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏனுங்ணா, மோருங்கறீங்க, ஆனைங்கறீங்க, கேரளா வரைக்கும் போறீங்க. எங்க வண்டின்னு வந்தா மட்டும் ஒரு குளவிக்கூடா? இதுக்கும் நாலு வார்த்தை சேத்திச் சொன்னா என்னங்க?"

மௌனகுரு பையைத் தோளில் மாட்டினார். கொஞ்சம் கோபம் வந்த மாதிரிகூட இருந்தது.

"அதெப்படி அம்மிணி? அதுக்கெல்லாம் நான் கேரண்டியா குடுத்தேன்? இதுக்கு ஆறு மாசம் குடுக்கோணுமல்லோ!"