தேத்தாங்கொட்டையும் மூன்று மருமகன்களும்

கோணக்கரைப்பட்டியில் ஒச்சப்பன், பெத்தணன், சிட்டாண்டி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவரும் தங்கமான பிள்ளைகள். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். சொன்னதற்கு மேல் அரைச் சொல்கூட யோசிக்கவும் மாட்டார்கள். ஒருமுறை சந்தையில் யாரோ, "இந்தக் குடையைக் கொஞ்சம் பிடிங்கப்பா" என்று கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வர மறந்துவிட்டார். மறுநாள் மத்தியானம் வரை மூவரும் முறைவைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விரித்துத்தான்.

தாய் தகப்பன் இல்லாத அவர்களைச் சின்னதிலிருந்து வளர்த்தவர் தாய்மாமன் சோணைமுத்து. அந்த வருஷம் ஐப்பசி மழையில் கண்மாய் உடைந்து, ஊர்க் கிணற்றுத் தண்ணீர் செம்மண் குழம்பாகிவிட்டது. அதைக் குடித்த மாமாவுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டே நாளில் ஆள் துவண்டு கட்டிலில் விழுந்துவிட்டார். வயலில் ஈரம் இருக்கும்போதே சோளம் விதைத்தாக வேண்டுமே என்ற கவலை வேறு.

"மாமா, பொழச்சுக்குவீங்களா?" என்று கேட்டு ஒச்சப்பன் அழுதான். ஆறடி உயரத்துக்கு அழுதான்.

"அழுதுட்டு நிக்காதீங்கடா" என்றாள் அத்தை செவனம்மா. "பக்கத்து ஊர் வைத்தியரய்யாகிட்டப் போய் மருந்து வாங்கிட்டு ஓடி வாங்க."

போகும்போது மூவரும் நிதானமாக நடந்தார்கள். ஓடி வரத்தானே அத்தை சொன்னாள்? ஓடிப் போகச் சொல்லவில்லையே.

வைத்தியர் ஆயுர்வேதம் படித்தவர், பொறுமைசாலி. ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து நீட்டினார்.

"இது தேத்தாமரத்து விதை. தேத்தாங்கொட்டைன்னு சொல்லுவாங்க. ரெண்டு வேலைக்கு ஆகும். கொஞ்சத்தை மோர்ல ஊறவச்சு அரைச்சு மாமாவுக்குக் குடுங்க. அதை உங்க அத்தை பாத்துக்குவாங்க. குடிக்கிற தண்ணிக்கு, ஒரு கொட்டையை எடுத்துப் பானைக்கு உள்ள நல்லா உரசுங்க. அப்புறம் கலங்கின தண்ணியை ஊத்தி, ஆட்டாம வச்சிடுங்க. மண்டியெல்லாம் அடியில தங்கிடும். மேல தெளிஞ்சதை இறுத்துக் காய்ச்சிக் குடுங்க. அடியில இருக்கிறதைக் கொட்டிடுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்கய்யா" என்று மூவரும் சொன்னார்கள். அன்றைக்கு நடந்த எல்லாக் கெடுதலும் அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது.

ஓடி வந்தார்கள். அத்தை பையைப் பார்த்துவிட்டு, மோர் தேடித் தெருத்தெருவாகக் கிளம்பினாள். வீட்டில் இடுப்பளவு உயரத்தில் பெரிய பானை ஒன்று இருந்தது. அதைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள்.

"பானைக்கு உள்ள உரசணும்னாரு" என்றான் ஒச்சப்பன். "உரசுற ஆளு எங்க இருக்கணும்?"

"வெளிய நின்னுக்கிட்டு உரசுனா அது எப்படிண்ணே உள்ள உரசுறது ஆகும்?" என்றான் பெத்தணன்.

சிட்டாண்டிதான் மூவரில் ஒல்லி. கொட்டையோடு அவனை உள்ளே இறக்கினார்கள். அவனும் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, சுற்றிச் சுற்றிக் கை வலிக்க உரசினான்.

"முடிச்சிட்டேண்ணே."

"அடுத்து என்னடா?"

"அப்புறம் தண்ணி ஊத்தணும்" என்றான் பெத்தணன்.

"இவனை வெளிய எடுத்துட்டா, எடுக்காமலா?"

"எடுக்கச் சொல்லலையே. இல்லாததை நாமளா சேத்துச் செஞ்சு, மாமாவுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?"

அந்தப் பயம் சிட்டாண்டிக்கும் இருந்தது. "ஊத்துங்கண்ணே" என்று கழுத்தை மட்டும் மேலே நீட்டிக்கொண்டான். ஐந்து குடம் ஊற்றினார்கள். தண்ணீர் ஆடிவிடக் கூடாது என்று அவன் மூச்சையே தவணை முறையில் விட்டான். மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. பெத்தணன் அதனிடம் கையெடுத்துக் கும்பிட்டு, வேறு இடம் போகச் சொன்னான்.

ஒன்றிரண்டு மணி நேரம் போயிற்று. விதையா கொக்கா? தண்ணீர் தெளிந்தேவிட்டது.

"அண்ணே, என் கால் விரல் தெரியுது!"

"எத்தனை?"

"பத்து."

"சரியாத்தான் இருக்கு" என்றான் ஒச்சப்பன். மேல் தண்ணீரை மொண்டு எடுத்தார்கள். மீதியைக் கொட்ட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் சிக்கல் வந்தது.

"அடியில இருக்கிறதைக் கொட்டணும். அடியில யாரு இருக்கா?"

"சிட்டாண்டி."

"தம்பியை எப்படிடா கொட்டுறது?" ஒச்சப்பன் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

பெத்தணன் குனிந்து பார்த்தான். "இல்லண்ணே. அடியில மண்டி இருக்கு. அதுக்கு மேல இவன் உக்காந்திருக்கான். அப்ப இவன் நடுவுல இருக்கிறவன். மேல இருக்கிறதுக்கு வழி சொன்னாரு, அடியில இருக்கிறதுக்குச் சொன்னாரு. நடுவுல இருக்கிறதுக்கு வைத்தியர் ஒண்ணுமே சொல்லலையே?"

"போய்க் கேட்டுட்டு வாங்கண்ணே" என்றது பானை. "நான் எங்கயும் போகல."

நல்லவேளை, மோரோடு அத்தை வந்துவிட்டாள். பானையைச் சாய்த்தாள், சிட்டாண்டியைக் காதைப் பிடித்து வெளியே இழுத்தாள், மொண்டு வைத்த தண்ணீரை வாசலில் வீசினாள். வேறு பானையில் தானே கொட்டையை உரசித் தண்ணீரைத் தெளியவைத்துக் காய்ச்சினாள். மோரில் ஊறிய விதையை அரைத்துப் புருஷனுக்குக் கொடுத்தாள். மாமாவும் குடித்தார். பானைக்குள் நடந்த பேச்சையெல்லாம் கட்டிலில் படுத்தபடி கேட்டதில், சிரிக்கவும் தெம்பில்லாமல் கண்ணில் நீர் வழியக் கிடந்தார் மனிதர்.

மூன்றாம் நாள் போக்கு நின்றது. வைத்தியர் வந்து நாடி பார்த்தார்.

"தேறிட்டீங்க. ஆனா இன்னும் மூணு நாளைக்குக் கட்டில்லயே இருக்கணும். கால் கீழ படக் கூடாது."

"அய்யா, ஈரம் காஞ்சிடும். விதைக்கணுமே!"

"அதுக்கு மருமகனுங்க மூணு பேரு இருக்காங்களே?"

மாமா மூவரையும் பார்த்தார். வைத்தியரும் பார்த்தார்.

மறுநாள் காலையில் அந்த வழியாக வந்த வைத்தியர், வயலைப் பார்த்து வரப்பிலேயே நின்றுவிட்டார். மடியில் சோளப் பெட்டியோடு மாமா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மருமகன்கள் ஆளுக்கு ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தூக்க ஆளில்லாத நாலாவது மூலை தரையில் இழுபட, கட்டில் வயலைச் சுற்றிச் சுற்றி வந்தது. மாமா உற்சாகமாக விதை வீசிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"உங்களைத்தான்யா தேடிக்கிட்டிருந்தோம்" என்றான் ஒச்சப்பன், வியர்வை வழிய. "கால் கீழ படக் கூடாதுன்னீங்க. மாமா கால் ரெண்டு, கட்டில் கால் நாலு, ஆக ஆறு. அஞ்சைத் தூக்கிட்டோம். ஒரு கால் மட்டும் கீழ பட்டுக்கிட்டே இருக்கு. மாமாவுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

வைத்தியர் வாயைத் திறந்தார். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். வயலில் இறங்கி நாலாவது காலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து சிட்டாண்டி அதட்டினான்: "அய்யா, மெதுவா நடங்க! நோயாளியைத் தூக்கிட்டுப் போறோம். வைத்தியர் பாத்தா திட்டுவாரு!"